மஞ்சள் பெட்டியின் மிச்சம்

அண்ணனின் நீலப் பெட்டியில் இருந்த கத்தரிக்காயைத் தன் மஞ்சள் பெட்டியில் கொட்டினான் தம்பி. முன்பே சாக்கில் கொட்டி வைத்திருந்த தன்னுடையதை நீலத்துக்கு மாற்றினான்.

உணவு வங்கியின் கதவு இன்னும் திறக்கவில்லை. அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தான்.

ஒரே விதை, ஒரே கிணறு, நடுவில் ஒரு வரப்பு. ஆனாலும் வாராவாரம் நீலம் துடைத்து வைத்ததுபோல் காலியாகும். மஞ்சளின் அடியில் காய் மிஞ்சும். போன பருவம்வரை அப்படி இல்லை.

சுற்றுவட்டாரத் தோட்டங்களின் காயை அரசு விலைக்கு வாங்கி, இல்லாதவர்களுக்கு இங்கே சும்மா கொடுக்கிறது. மிச்சம் விழும் தோட்டத்தை அடுத்த பருவத்தில் சேர்க்கமாட்டார்கள்.

போன வாரம் அண்ணன் சிரித்தான். “என்னடா, உன் காய்க்கு மட்டும் வீட்டு ஞாபகம் வந்துடுது?”

தம்பி திரும்பி வந்ததை வழக்கம்போல் எருக்குழியில் கொட்டினான்.

இன்று அண்ணனுடைய பெட்டி மிஞ்சட்டும். அந்தச் சிரிப்பு அடங்கட்டும்.

கதவு திறந்தது. வரிசை நகர்ந்தது. தூணோரம் நின்று பார்த்தான்.

நீலத்துக்குள் கிடந்த அவன் காய்கள் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்தன. அண்ணனின் காய்கள் மஞ்சளின் அடியில் ஒரு வரிசை அப்படியே கிடந்தன.

அப்படியென்றால் குறை காயில் இல்லை.

கடைசியாக, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். பை பாதிகூட நிரம்பவில்லை. மஞ்சளுக்குள் நீண்ட கை, அடி தெரிந்ததும் பின்வாங்கியது.

அவனுக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, அதுல என்ன விஷமா வச்சிருக்கேன்?”

அவள் பதறிப்போனாள். “ஐயோ, இல்லண்ணா. ‘மொத்தமா வழிச்சிடாதீங்கடி, மிஞ்சினாத்தான் எங்க வீட்டுக்காரருக்குச் சோறு’ன்னு உங்க வீட்டு அக்கா இந்தப் பெட்டிகிட்ட நின்னு கிண்டல் பண்ணுவாங்க. அவங்க இருந்தவரைக்கும் சிரிச்சுக்கிட்டே வழிச்சிடுவோம். இப்போ எப்படிண்ணா கை வரும்?”

அவன் பெட்டியைத் தூக்கி, மிச்சத்தை அவள் பையில் கவிழ்த்தான்.

அவள் குனிந்து, இரண்டு காயைப் பொறுக்கி, திரும்பவும் மஞ்சளுக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வந்தவன் எருக்குழியைத் தாண்டிச் சமையலறைக்குள் போனான். அண்ணன் தோட்டத்துக் காய் இரண்டையும் கழுவினான்.

கத்தியை மனைவி எங்கே வைப்பாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.