முப்பது எண்ணும்வரை

சன்னல் வெளிச்சம் விழும் மேசையில் ஐந்து வெள்ளை டி-ஷர்ட்டுகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் மார்பிலும் மூத்த மகளின் முகம் ஏற வேண்டும். பத்து நாளுக்கு முன் தையல் ஆலை தீப்பிடித்தபோது, பூட்டிய கதவுக்கு உள்ளே நின்றவள் அவள். நியாயம் கேட்டுப் போகும் நாலு மணி ஊர்வலத்துக்கு வீட்டில் எல்லோரும் இதைத்தான் போட்டுக்கொண்டு போகப்போகிறார்கள். முகம் அச்சிட்ட தாளைத் துணிமேல் கவிழ்த்து, சூடான இஸ்திரிப் பெட்டியை முப்பது எண்ணும்வரை அசைக்காமல் அழுத்தினால் படம் ஒட்டிக்கொள்ளும். அப்பாவுக்கு இருபது வருடமாக இஸ்திரிதான் தொழில். அவர் கையில் பெட்டி ஓரிடத்தில் நின்றதே இல்லை. நின்றால் துணி தீய்ந்துவிடும். சின்னவள் எண்ணுகிறாள். பதினொன்றில் பெட்டி எழுந்துவிடுகிறது. தாளை உரிக்கிறாள். நெற்றியும் கன்னமும் துணியில் இருக்கின்றன. கண்கள் தாளோடு வந்துவிடுகின்றன. இப்படி வீணாவது இது இரண்டாவது.

“என்னப்பா, உங்களுக்குப் போய் நான் இஸ்திரி சொல்லிக்குடுக்கணுமா?”

அப்பா விரலில் நீர் தொட்டுப் பெட்டியின் அடியில் தெளிக்கிறார். சுர்ரென்கிறது. மூன்றாவது சட்டையில் தாளை வைத்து, முனை சுருளாமல் மெல்ல நீவிவிடுகிறார். பெட்டி இறங்குகிறது. ஏழு, எட்டு. பெட்டி மெல்ல எழப் பார்க்கிறது; சின்னவள் தன் கையை அவர் கைமேல் வைத்து அழுத்துகிறாள்.

“விடும்மா,” என்கிறார். “இதுக்கு மேல அவ சூடு தாங்கமாட்டா.”

அவள் கையை எடுக்காமல், பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே போகிறாள்.