சுவர்ப் பக்கம்

பெங்களூருக்குப் போன நாற்பது தேக்குப் பலகைகளில் ஒன்று மட்டும் திரும்பி வந்திருந்தது.

மேஸ்திரி பரந்தாமன் அதை டெம்போவிலிருந்து தூக்கிவந்து, லோகநாயகி உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த மேசைமேல் தொப்பென்று போட்டார்.

“இன்னா லோகு, மரத்தத் தேச்சியா, மாவு அரைச்சியா? பின்னாடி ஒரு நூலு பள்ளம் கீதாம். பசை புடிக்கலன்னு கடாசிட்டானுங்க. செவுத்துப் பக்கத்த உன்ன யாரு தேய்க்கச் சொன்னது? இரு, ஸ்கேல எடுத்தாறேன்.”

ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மண்ணூர்பேட்டைப் பட்டறையில் அது பெரிய குற்றம்.

பலகையின் ஓரத்தில் இருந்த கறுப்புக் கணுவைப் பார்த்ததுமே அது பதினேழாம் எண் என்று லோகநாயகிக்குத் தெரிந்துவிட்டது.

பதினேழில்தான் எழுதியிருந்தாள்.

அவள் புருஷன் தேவா இதே பட்டறையில் தச்சு வேலை பார்த்தவன். பதினோரு வருஷம் அவன் இழைத்த பலகையை அவள் தேய்த்தாள். அவனுடைய இழைப்புளியில் உளியின் வாய் ஒரு பொட்டுச் சில்லு பெயர்ந்திருந்தது. அவன் இழைத்த இடமெல்லாம் மயிரிழை மாதிரி ஒரு மேடு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கைக்குத் தெரியும். அதைத் தேய்த்து எடுப்பதற்குள் அவளுக்குத் தோள் விட்டுப்போகும். சாணை பிடித்துத் தொலையேன் என்று பரந்தாமன் கத்துவார்.

“அத்த உடு மாமே. அது என் கையெழுத்து” என்று தேவா சிரிப்பான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஓட்டலுக்கு அலமாரி பொருத்தப் போனவன் திரும்பவில்லை. போன் இல்லை. ஊர் தெரியாது. ஓட்டல் ஓட்டலாகப் பொருத்துகிற வேலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறான் என்று மட்டும் போன வருஷம் ஒருவர் வந்து சொன்னார்.

இங்கே செய்கிற பலகைகளும் ஓட்டல்களுக்குத்தான் போகின்றன.

பொருத்துகிறவன் பசை தடவ ஒவ்வொரு பலகையையும் திருப்பித்தான் ஆகவேண்டும். ஒட்டிவிட்டால் அந்தப் பக்கத்தை அப்புறம் யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால் எண்ணுக்குப் பக்கத்தில், தச்சுப் பென்சிலால், பொடி எழுத்தில் எழுதுவாள். லோடுக்கு ஒரு பலகை. அதிகமானால் யார் கண்ணிலாவது படும்.

மோட்டார் ரிப்பேர் பண்ணியாச்சு.

லாவண்யா நர்சிங் முடிச்சிட்டா.

கொல்லைப் பக்கம் ஷீட் மாத்தணும், மழை ஒழுகுது.

வாய் திறந்து யாரிடமும் சொல்லாததையெல்லாம் சுவர்ப் பக்கம் சொன்னாள். எந்தச் சுவரிலிருந்தும் பதில் வந்ததில்லை. இந்த முறை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதினாள்.

பத்தொன்பதாம் தேதி ஞாயிறு லாவண்யாவுக்கு நிச்சயம். சபையில வந்து நில்லு, போதும். ஒண்ணும் கேக்கமாட்டேன்.

பெண்ணின் அப்பா எங்கே என்று ஆவடி மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது, வெளியூரில் வேலை, நிச்சயத்துக்கு வந்துவிடுவார் என்று சொல்லி வைத்திருந்தாள். சொல்லும்போது லாவண்யா அவள் முகத்தைப் பார்க்காமல் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இன்று வியாழன்.

பலகையைப் புரட்டினாள்.

பதினேழு என்ற எண் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. எழுத்து இருந்த இடம் மட்டும் புது மரமாக, மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது.

யாரோ அழித்திருக்கிறார்கள். யாரோ ஒரு வேலைக்காரன், அசிங்கம் என்று நினைத்து.

உள்ளங்கையை வைத்தாள்.

மேடு தட்டியது.

கையை எடுத்துப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். அதே மயிரிழை. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

பென்சில் எழுத்துக்கு இரண்டு இழைப்புப் போதும். ஒரு நூல் பள்ளம் விழுகிற அளவுக்கு இழைத்திருந்தான்.

ஆபீஸ் அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பரந்தாமன் ஸ்கேலோடு வருகிறார். அளப்பதற்கு முன்னால் மரத்தைத் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். அந்த மேடு யாருடையது என்று அவர் கைக்கும் தெரியும். அப்புறம் பட்டறைக்குத் தெரியும், அவள் குடியிருக்கும் வெள்ளானூருக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆவடிக்கும் தெரிந்துவிடும்.

இருப்பதிலேயே முரடான உப்புத்தாளை எடுத்தாள்.

“ஐயே! இன்னும் தேய்க்கிறா பாரு! இன்னாம்மா, கிறுக்கு புடிச்சிகீதா?”

“என் தப்புதான் அண்ணாத்தே. பென்சில்ல ஏதோ கிறுக்கியிருந்துது. அழிச்சிட்டேன்.”

பரந்தாமன் ஸ்கேலால் தன் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார். நாளையிலிருந்து அவள் பேக்கிங்குக்குப் போகலாம், பலகையில் கை வைக்கவேண்டாம் என்றார்.

அவள் தலையாட்டினாள். மரத்தூளை வாயால் ஊதித் தள்ளினாள்.

உள்ளங்கையால் ஒருமுறை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்தாள்.

ஒன்றும் தட்டவில்லை.