துவைக்காத கைலி

செவலையின் உதை இந்த முறை முழங்காலில் விழுந்தது. செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. கன்றை விட்டால் மடி நிறையச் சுரக்கிறாள். என் கை பட்டதும் மொத்தப் பாலையும் எக்கிக்கொள்கிறாள். நல்லமுத்து தொட்டால் மலட்டு மாடும் கறக்கும் என்று ஊரில் எனக்குப் பேர். அந்தப் பேரை இவள் ஒருத்தியே கெடுத்துவிடுவாள் போலிருந்தது.

சிரித்துக்கொண்டிருக்கவும் நேரமில்லை. கொட்டிலில் கறவையில் இருப்பவள் செவலை மட்டும்தான். இன்றைக்கும் பால் விடாவிட்டால் மத்தியானம் மாட்டுத் தரகர் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். மாடு போன பிறகு எனக்கு இங்கே என்ன வேலை? பத்து காவான் தோட்டத்துக் கூலி வேலைக்கே திரும்பிப் போய், அந்தக் கங்காணியின் முகத்தில் விழிக்க வேண்டியதுதான்.

நான் போக மாட்டேன். டத்தோ கிராமாட்டில் இந்த வீடு கிடைத்து ஒரு வாரம்தான் ஆகிறது. கொட்டிலை ஒட்டி எனக்கென்று ஓர் அறை, அதற்குக் கதவும் உண்டு. வேளாவேளைக்குச் சுடுசோறு, ஆணம் என்று இவர்கள் சொல்லும் மீன் குழம்பு. தோட்டத்து லயத்தில் நெரிசலில் கிடந்தவனுக்கு இது ராஜ வாழ்க்கை.

முதலாளி ஷேக் அலாவுதீனை நான் பார்த்ததில்லை. ஹஜ்ஜுக்குப் போனவர். செவலை அவர் கைக்கு மட்டும்தான் பால் விடுவாளாம். அவர் கப்பலேறிய பிறகு கன்று ஈன்றிருக்கிறாள்.

வீட்டைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி ஹபீபா பீவி அக்கா. வெளியே வரவே மாட்டார். எதுவானாலும் பின்கட்டுக் கதவில் தொங்கும் திரைக்குப் பின்னாலிருந்துதான் பேச்சு. அக்கம்பக்கத்துப் பெண்கள் மூடிய சட்டிகளோடு வந்து, மெல்லப் பேசியிருந்துவிட்டுப் போவார்கள். ஹஜ்ஜுக்குப் போனவர் வீடென்றால் எவ்வளவு மரியாதை என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். இத்தனை நாள் அதை மறந்துபோன என் புத்தியை எதால் அடிப்பது?

ஓடிப்போய்த் திரைக்கு முன்னால் நின்றேன்.

“அக்கா, முதலாளி கட்டுன கைலி ஏதாச்சும் இருக்கா? துவைக்காததா வேணும். அவர் வாசம் கண்டா செவலை கண்டிப்பா பால் விட்டுரும்.”

உள்ளே பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் வரவேயில்லை. எனக்கானால் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு கைலியை எடுக்க இவ்வளவு நேரமா?

கடைசியில் திரையோரமாக ஒரு கை மட்டும் நீண்டது. பச்சைக் கட்டம் போட்ட பழைய கைலி. அந்தக் கை அதை லேசில் விடவில்லை. நான் கொஞ்சம் இழுத்துத்தான் வாங்கினேன்.

வேட்டிக்கு மேலேயே சுற்றிக்கொண்டேன். வியர்வை, சாணம், அடியில் எங்கோ துளி அத்தர்.

செவலை தலையைத் திருப்பினாள். என் இடுப்பில் மூக்கை வைத்து உறிஞ்சினாள். முன்னும் பின்னும் முகர்ந்தாள். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, கைலியின் ஓரத்தை நக்கத் தொடங்கினாள்.

மெதுவாகக் குந்தி உட்கார்ந்து காம்பைத் தொட்டேன்.

சர்ரென்று பால் செம்பின் அடியில் மோதியது.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் எக்கிவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கை பாட்டுக்குக் கறந்தது. நுரை பொங்கி விளிம்புக்கு வந்தது. தரகரை வாசலோடு திருப்பி அனுப்பலாம். கோப்பிக்கடைகளுக்கெல்லாம் நானே பால் கொண்டுபோய் ஊற்றலாம். அந்தக் கதவுள்ள அறை இனி என்னுடையது.

செம்பு நிறையும் நேரத்தில் துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதியது. தெருவில் ஒரே ஓட்டம். ஹாஜிமார் கப்பல் வந்தாச்சு லா என்று யாரோ கூவிக்கொண்டு போனார்.

ஒரே காலையில் ஒரு மனிதனுக்கு இத்தனை சந்தோஷமா? செம்பைப் பத்திரமாக வைத்துவிட்டுக் கைலியை அவிழ்த்தேன். ஓரமெல்லாம் புதுச் சாணம்.

“அக்கா, கப்பல் வந்திருச்சு. நான் துறைமுகத்துக்குப் போய் முதலாளிய அழைச்சிக்கிட்டு வந்துர்றேன். ஆளு எப்படி இருப்பாருன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்குள்ள கைலிய அலசிப் போட்டுர்றேன், வந்ததும் கட்டிக்குவாரு.”

சொல்லிக்கொண்டே தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கைலியைக் கொண்டுபோனேன்.

திரை விலகியது. ஹபீபா பீவி அக்கா கொட்டிலுக்கே ஓடி வந்தார். நான் அவரை முழுதாகப் பார்த்தது அப்போதுதான். வெள்ளைச் சேலை. கைகளில் ஒரு வளையல்கூட இல்லை.

“தண்ணியில நனைச்சிராத தம்பி.”

கைலியைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

“முந்துன கப்பல்ல வந்தவங்க சேதி கொண்டாந்தாங்க. உங்க முதலாளிய மக்கத்துலேயே அடக்கம் பண்ணிட்டாங்க. உன்கிட்ட யாரும் சொல்லலையா?”

யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அக்கா கைலியை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். செவலை நக்கிய ஈரத்தைத் தாண்டி, வேறோர் இடத்தில் மறுபடி முகர்ந்தார். என் வியர்வையும் அதில் ஏறியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாங்கும்போது இழுத்தேனே என்று வெட்கமாக இருந்தது.

செவலை எங்களைப் பார்த்து ஒருமுறை கத்தினாள். அக்கா அவளையும் நுரை அடங்கிக்கொண்டிருந்த பாலையும் பார்த்தார். பிறகு கைலியை நான்காக மடித்தார்.

“தரகர் வந்தா மாடு குடுக்கறதுக்கில்லன்னு சொல்லிரு,” என்றார். “நாளைக்கு விடிஞ்சதும் வந்து கேளு. இதை எடுத்துத் தரேன்.”