தக்காளிக்கு ஆயுசு கெட்டி

கணவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலோரம் நின்று பார்த்தாள் செல்வாம்பாள். பிறகு வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

“கிளம்பிட்டாரு. ஒரு மணி நேரம் இருக்கு, வந்துடு. சந்து வழியா வா, எதிர்வீட்டுக் கமலவேணி வாசல்ல கோலம் போட்டுட்டு இருக்கா.”

“போன வாரந்தானக்கா வந்துட்டுப் போனேன்?”

“அதுக்கு நான் என்ன பண்றது? வா சீக்கிரம்.”

பத்தே நிமிடத்தில் அம்மாவாசை பின்கட்டுக் கதவைத் தட்டினான். முத்தியால்பேட்டைத் தெருக்களில் தள்ளுவண்டியில் செடி விற்பவன். கையில் ஒரு பெரிய துணிப்பை. பைக்குள்ளே ஒரு தக்காளிச் செடி.

இத்தனை கள்ளத்தனத்துக்கும் காரணம் கணவர் சக்கரபாணியின் பணி ஓய்வுதான். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளை மேய்த்தவர், வீட்டோடு இருக்கத் தொடங்கியதும் சமையலறையை மேய்க்க ஆரம்பித்தார். குக்கர் விசிலை எண்ணினார். வெங்காயத்தை எந்தப் பக்கமிருந்து நறுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் அவள் கோயிலுக்குப் போய் வருவதற்குள் டப்பாக்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கி வைத்துவிட்டார். சுக்குக்குப் பக்கத்தில் சோப்புத்தூள். அன்றைக்கு ரசம் நுரைத்தது.

பாரீஸிலிருந்து மகள் சிவசங்கரிதான் யோசனை சொன்னாள். “அப்பாவுக்கு மாடியில ஒரு தோட்டம் வச்சுக் குடும்மா. மனசு அதுல போய்டும்.”

“தோட்டமா? எனக்கு அதெல்லாம் தெரியாதே” என்று இழுத்தார் சக்கரபாணி. செல்வாம்பாள் விடவில்லை. பை, மண், தென்னை நார்க்கழிவு எல்லாம் மாடியேறின. முதல் செடியாக ஒரு தக்காளி. அன்றோடு சமையலறைக்கு விடுதலை கிடைத்தது. காலையில் கடற்கரையில் நடந்துவிட்டு வந்ததும் மாடி. சாயங்காலமும் மாடி.

சாயங்காலம் நாலரைக்கு, இரும்புக் குண்டு வீசிப் பெத்தாங் ஆடப் போகும் ராஜவேல் வாசலில் வண்டியை நிறுத்திக் கூப்பிடுவார். “என்ன சக்கரபாணி, வர்றதில்லியா?”

“செடிக்குத் தண்ணி ஊத்தணுமாம். நீ போ” என்பார் இவர், வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டே.

செல்வாம்பாளுக்குப் பெருமை பிடிபடாது. ஆட்டத்தைக்கூட விட்டுவிட்டாரே மனுஷன்! வாளியைத் தூக்கக்கூட அவளை விடமாட்டார். “நீ கிட்ட வராத, நானே பாத்துக்கறேன்” என்று தானே சுமந்துகொண்டு படியேறுவார்.

அப்படி ஆசையாக வளர்த்த செடி எட்டாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. அவர் நடக்கப் போயிருந்த நேரம். பார்த்ததும் செல்வாம்பாளுக்கு நுரைத்த ரசம்தான் ஞாபகம் வந்தது. மனசு விட்டுப்போய் மனுஷன் மறுபடியும் சமையலறைக்கு வந்துவிட்டால்? உடனே அம்மாவாசையைப் பிடித்தாள். அவர் திரும்புவதற்குள் அதே உயரத்தில் வேறு செடி நின்றது.

அன்றைக்கு மாடிக்குப் போய்விட்டு இறங்கி வந்தவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க, செடி எப்படி இருக்கு?”

“இருக்கு” என்றார். “நல்லாவே இருக்கு.”

சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் இன்னொரு டம்ளர் காப்பி கொடுத்தாள். ஆனால் அந்தச் செடியும் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. அதற்கடுத்ததும்.

இதோ, இது ஐந்தாவது. மாடியில் பழைய செடியைப் பிடுங்கிய அம்மாவாசை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பூச்சியும் இல்ல, நோவும் இல்லக்கா. கீரைய வேக வச்ச மாதிரி தொவண்டு கெடக்கே?”

“வெயிலா இருக்கும்.”

“தை மாசத்துல என்னாக்கா வெயிலு?”

“பேச்ச விட்டுட்டு நட்டு முடி. அவர் வந்துடப் போறாரு.”

அம்மாவாசை புதுச் செடியை மண் நிரப்பிய பைக்குள் இறக்கினான். “இந்த வாட்டி பிஞ்சோடவே கொண்டாந்திருக்கேன். ரெண்டு காயி பாத்தா ஐயா மனசு நெறஞ்சுடும்.”

செல்வாம்பாள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். மாடிப்படியின் கடைசிப் படியில் சக்கரபாணி நின்றிருந்தார். ஒரு காலில் செருப்பு, இன்னொன்று வார் அறுந்து கையில். தாழ் போட்ட வாசலில் தட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவாசை திறந்து போட்டிருந்த பின்கட்டு வழியாக வந்திருக்கிறார்.

அவர் பிடுங்கிப் போட்ட செடியைப் பார்த்தார். நட்டிருந்த செடியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

“என்ன செல்வா இது?”

இனி மறைத்துப் பயனில்லை. “உங்களுக்குக் கைராசி இல்லீங்க” என்றாள். “வச்ச எட்டாம் நாளே செத்துடுச்சி. ஆட்டத்தக்கூட விட்டுட்டு அது பின்னாடியே சுத்துறீங்க, தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னு வேற வாங்கி வச்சேன். அதுவும் போச்சு. இதோட அஞ்சு செடி ஆச்சு.”

சக்கரபாணி கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் மெல்ல உட்கார்ந்தார். அம்மாவாசை துணிப்பையைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான். அழுதுவிடுவாரோ என்று பயந்து செல்வாம்பாள் அவர் தோளில் கை வைத்தாள்.

அவர் நிமிர்ந்தார்.

“அப்ப, நான் வெந்நீர் ஊத்தி ஊத்திக் கொன்னது ஒரே செடி இல்லியா?”