மூன்று உதறல்

எங்கள் இஸ்திரிக் கடையில் தம்பி எந்தத் துணியையும் மூன்று முறை உதறிவிட்டுத்தான் மேசையில் விரிப்பான். மடிப்புக்குள் எறும்பு இருந்தால் சுட்டுவிடுமாம். “வீட்டுக்குப் போங்கடா” என்று அவற்றிடம் சொல்லுவான். போருக்கு ஆள் எடுத்தபோது, “போயிட்டு வாடா, அப்பவாவது மனசு கெட்டிப்படுதான்னு பாப்போம்” என்று சொன்னவள் நான்தான். “போயிட்டு வரேன்க்கா” என்று சொல்லித்தான் படியிறங்கினான்.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தவன் துணிகளை உதறுவதில்லை. வெள்ளைச் சட்டைகளில் கடுகை விடச் சின்னதாகப் பழுப்புப் புள்ளிகள். கேட்பவர்களுக்கு நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

போன திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு யாரோ பின்கதவைத் தட்டினார்கள்.

“அக்கா, வந்துட்டேன்.”

தம்பியின் குரல். தம்பியோ என் எதிரில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“தொறக்காதக்கா” என்றான், நிமிராமல்.

“யாருடா அது?”

“நான்தான்” என்றான் தம்பி. “அவன் உள்ள வந்தா, போர்ல நான் பண்ணினதெல்லாம் அவன்கிட்ட சொல்லணும்.”

நான் திறக்கவில்லை. மறுநாளும் அதே ஐந்து மணிக்குத் தட்டல். அதற்கு மறுநாளும்.

இன்று யாரும் தட்டவில்லை. பின்பக்கம் கொடியில் காய்ந்த துணிகளை யாரோ உதறிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொன்றையும் மூன்று முறை. தம்பி இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் அழுத்தியபடி நின்றான். சட்டை கருகியது. நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

உதறும் சத்தம் நின்றது.

“சரிக்கா, போறேன்” என்றது குரல்.

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.