அழுக்குக் கேள்வி

என்னிடம் மிஞ்சியிருந்தது இரண்டே மூச்சு. ரெங்கராஜ் முன்னால் பதினெட்டு.

மூச்சு என்றால் நீலச் சட்டைப் பொத்தான். நான் உருவாக்கிய சீட்டாட்டத்தில் காசு கிடையாது. வானத்தின் கடைசி ஓரத்தில், யாரும் எட்டிப்பார்க்காத ஒரு கிரகத்தில் சுரங்கம் தோண்டுகிறவர்கள், குடுவையில் மிச்சமிருக்கும் காற்றையே பணயம் வைத்து ஆடும் ஆட்டம். பெயர் மூச்சுச்சீட்டு. பாலக்கரை பிரஸில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டே, சாப்பாட்டு வேளைகளில் மூன்று வருடம் யோசித்துச் செய்தது.

ரெங்கராஜுக்கு ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் விளையாட்டுச் சாமான் கடைகள்.

"உங்க ஆட்டத்துல நீங்களே என்னை ஜெயிக்கலன்னா, அதை நான் யாருக்கும்மா விக்கிறது?" என்று கேட்டார். ஜெயித்தால் எல்லாக் கடையிலும் வைப்பதாக வாக்கு. வீம்புதான். ஆனால் கடை அவருடையது.

ஆர்டர் தாள் கையெழுத்தில்லாமல் எங்கள் பிரஸ் மேசையில் கிடந்தது.

ஆளுக்கு மூன்று சீட்டு. கூட்டினால் யாருக்கு அதிகமோ அவருக்கு வெற்றி. கைக்குள் கருந்துளை வந்துவிட்டால் மட்டும் மொத்தமும் பூஜ்யம். சீட்டுக் கட்டில் அது ஒன்றே ஒன்று, முழுக் கறுப்பு.

அந்தக் கறுப்புதான் வினையாகிவிட்டது.

எங்கள் பைண்டர் அழகர்சாமி இருபது வருடமாகக் கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் வைத்து அனுப்புகிறவர். நான் அசந்த நேரத்தில் அந்தக் கறுப்புச் சீட்டைப் பார்த்திருக்கிறார். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துவிட்டார். அது முதுகுப் பக்கத்து வெள்ளையிலும் ஊறியிருந்தது.

நான் அதைக் கவனிக்கும்போது நான்கு சுற்று முடிந்திருந்தது. ரெங்கராஜ் முதல் சுற்றிலேயே கவனித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் தன் சீட்டைப் பார்த்து ஆடவில்லை, என் சீட்டின் முதுகைப் பார்த்து ஆடினார். மஞ்சள் தெரிந்தால் பணயத்தை ஏற்றினார். தெரியாவிட்டால் கவிழ்த்துவிட்டு நழுவினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் விதிப் புத்தகத்தில் ஏழாவது விதி ஒன்று உண்டு. சுரங்கக்காரர்கள் கையில் எப்போதும் கரி, சீட்டில் கறை படியாமல் இருக்காது. ஆகவே ஆட்டத்துக்கு ஒருமுறை அழுக்குக் கேள்வி கேட்கலாம். கறையைப் பார்த்தவர் சொல்லிவிட்டால் கட்டை மாற்றி முதலிலிருந்து ஆட வேண்டும். கேட்டும் மறைத்தால், மறைத்தவரிடம் அதன்பின் எந்தத் தந்திரமும் செல்லும்.

காலையில் இதைச் சத்தமாகப் படித்துவிட்டு ரெங்கராஜ் சிரித்திருந்தார்.

"சீட்டுல கறை ஏதாவது தெரியுதா சார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லையே பூரணி. பளிச்சுன்னு நல்லா இருக்கு."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை மனுஷன்.

அவரே கலைத்தார், அவரே போட்டார். எனக்கு எட்டு, ஒன்பது, இன்னொரு ஒன்பது. இதைவிட நல்ல கை வருவது அபூர்வம். ஆனால் என்ன பிரயோஜனம்? மஞ்சள் தெரியவில்லை என்றால் அவர் ஒரு மூச்சை விட்டுக்கொடுத்துவிட்டு நழுவிவிடுவார்.

ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தேன். தம்ளரை மேசை ஓரத்தில், அழகர்சாமியின் சாமான்களுக்கு நடுவே வைத்தேன். சீட்டுகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

ரெங்கராஜின் பார்வை என் நடுச்சீட்டின் மூலையில் வந்து நின்றது. முகம் மலர்ந்தது.

"முழு மூச்சு!"

இருவர் கையிலும் உள்ள மொத்த மூச்சும் பணயம். அதைச் சொன்னால் சொன்னதுதான். பின்வாங்க முடியாது. தோற்றவருக்கு அத்தோடு ஆட்டம் முடிந்தது.

அவர் தன் சீட்டை முதலில் விரித்தார். நான்கு, இரண்டு, ஐந்து. வெறும் பதினொன்றை வைத்துக்கொண்டு அவ்வளவு தைரியம்.

நான் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். எட்டு. ஒன்பது. நடுச்சீட்டைக் கொஞ்சம் நிதானமாகவே திருப்பினேன்.

ஒன்பது.

அவர் சட்டென்று மீதிக் கட்டை இழுத்துப் பிரித்தார். கருந்துளை அடியில் கிடந்தது, நான்கு மூலையும் மஞ்சளாக. அதைப் பார்த்தார். என் நடுச்சீட்டை எடுத்து முதுகைத் திருப்பிப் பார்த்தார். சீட்டை மெல்லக் கீழே வைத்தார்.

என்ன கேட்பார்? ஏது மஞ்சள் என்று கேட்டால், இவ்வளவு நேரம் மஞ்சளைப் பார்த்துத்தான் ஆடினேன் என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டுமே.

எனக்கு மேசைமேல் ஏறி நின்று விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பேனாவைத் தேடினார். என் பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார்.

வாங்கினேன். தாளின் மூலையில் என் கட்டைவிரல் ஈர மஞ்சளாகப் பதிந்தது.

அழகர்சாமி எட்டிப் பார்த்தார்.

"ஒரு மூலையோட விட்டா எப்படிம்மா? நாலுக்கும் வெச்சிருங்க."

தம்ளருக்குப் பக்கத்திலிருந்த மஞ்சள் கிண்ணத்தில், இந்த முறை ரெங்கராஜ் பார்க்கவே விரலைத் தோய்த்து, மீதி மூன்று மூலைக்கும் வைத்தேன்.