துறையில் மிஞ்சிய செருப்பு

நாய்கூடத் தலைகாட்டாத அடைமழையில் மலை ஏரிக்குப் போகத்தான் வேண்டுமா என்று அவள் கேட்டுப் பார்த்தாள். "லீவு கிடைச்சதே இந்த ரெண்டு நாள்தான்" என்று கணவன் ஒற்றைக்காலில் நின்றான். மகளும் அப்பா கட்சி.

ஏறுமுன் செருப்பைத் துறையிலேயே விடச் சொன்னார் படகுக்காரர். "திரும்பி வந்ததும் அவங்கவங்க எடுத்துக்கணும். ஒரு ஜோடி மிச்சமிருந்தா, ஆள் இன்னும் தண்ணிக்குள்ளன்னு அர்த்தம்."

நடு ஏரியில் பனி மூடியது. எதிர்ப்பலகையில் இருந்த கணவன்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை; மடியில் மகளின் கனம் மட்டும் தெரிந்தது. படகு ஒருமுறை ஆடி அடங்கியது. பனி விலகியபோது அவன் அங்கேயேதான் இருந்தான், தொப்பலாக நனைந்து. அந்த மழையில் யார்தான் நனையவில்லை?

கரையேறியதும் மகளைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு காரை நோக்கி நடந்தான்.

"என்னங்க, செருப்பு!"

"அது என்னோடது இல்ல."

அறுந்த வாரை அவளே தைத்துக் கொடுத்த செருப்பு. எடுக்கக் குனிந்தவளைப் படகுக்காரர் தடுத்தார். "இருக்கட்டும்மா." கட்டிய படகை மறுபடி அவிழ்த்தார்.

"இந்த மழையில எங்க போறீங்க?"

"அவரைத் தேடத்தான்."

பின்னால் கார் கிளம்பத் தயாராக உறுமியது. அவன் மடியில் உட்கார்ந்து மகள் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தாள்.